ரய்யா குடிக்காத கஹ்வா

சிநேகிதிகளைப் பார்க்கப் போவதற்கு ரய்யாவுக்குக் காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. குளிர்காலம் பிறந்து மணல் கொஞ்சம் இறுகியதும், பழைய வெள்ளை பிக்கப்பின் முதுகில் தண்ணீர்க் கேனையும் பேரீச்சம்பழ மூட்டையையும் இழுகயிற்றையும் மண்வெட்டியையும் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். சின்ன வயதில் ஒன்றாக ஆடு மேய்த்த பெண்களைக் கல்யாணம் என்ற பெயரில் ஆளுக்கொரு திசையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். ஒருத்தி கடலோரத்தில் மீன் காயப்போடுகிறாள். இன்னொருத்தி மலையடிவாரத்துத் தோட்டத்தில் இருக்கிறாள். ஷம்மா மட்டும் மணலின் நட்டநடுவில், எட்டுத் திசையிலும் மணல்மேடு தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். பிரித்துவைத்தவர்கள் பிரித்துவைத்தார்கள், ரய்யா அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"தனியா எங்க கிளம்பிட்டீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று வழியில் பார்க்கிற ஆண்கள் கேட்பார்கள்.

"எனக்குத்தான். வீட்லயே உக்காந்திருந்தா எனக்கு உடம்புக்கு முடியாமப் போயிடுது" என்பாள். எங்கள் பெண்கள் வெளியே கட்டிக்கொள்கிற முகமூடிக்குப் பின்னால் அவள் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று தெரியாமல் அவர்கள் ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். புருஷன் மத்தரை ஒரு நாள் ஒட்டகம் உதைத்துத் தொடை எலும்பு முறிந்துபோனது. பக்கத்துக் கூடாரங்களில் ஆண்கள் யாரும் இல்லை, எல்லாரும் ஒட்டகப் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள். ரய்யா அவனை மெத்தையோடு இழுத்துப் பின்னால் ஏற்றினாள். சாவியைப் போட்டாள். அவன் கால்கள் எதை எதை மிதிக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே தவிர, தொட்டதில்லை. இப்ரா நகரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் முதல் கியரிலேயே போனாள். வண்டி அலறியது, அதைவிட அதிகமாகப் பின்னால் மத்தர் அலறினான்.

"கியரை மாத்துடி! இன்ஜின் செத்துடும்!"

"கத்தாதீங்க. செத்தா இன்ஜின்தானே சாகுது!"

இரண்டும் சாகவில்லை. மத்தர் அதற்குப் பிறகு பல வருஷம் லேசாக நொண்டிக்கொண்டு இருந்தான், பிறகு மாரடைப்பில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய அந்த வண்டியின் சாவியை ரய்யா திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவனும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மத்தர் பெரிய மனுஷன். லைசென்ஸ் எடுக்கப் போனபோதுதான் அவளுக்குப் பெரும்பாடு. ஆள் அரவமே இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு எதற்காக நிற்க வேண்டும் என்று அதிகாரியிடமே சண்டை போட்டாள். நின்றால் லைசென்ஸ், நிற்காவிட்டால் இல்லை என்று அவர் சொன்ன பிறகு நின்றாள். அன்றைக்கு ஒரு நாள் நின்றதுதான் என்று அவளை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

பார்க்கிற கண்ணுக்கு மணல் எல்லாம் ஒன்று. ரய்யாவுக்கு அது மேட்டுக்கு மேடு வேறு. எந்தப் பள்ளத்தைக் காலைப் பனி உலர்வதற்குள் கடந்துவிட வேண்டும், எந்த மேட்டின் முதுகு போன காற்றில் இடம் மாறியது, எங்கே வன்னி மரத்தைக் கண்டதும் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்கே தெரியும். மேட்டிலிருந்து இறங்கினால் மூக்கு நேராக இறங்குவாள். சாய்வாக இறங்குகிறவனை மணல் உருட்டிவிடும். பயந்தவன்தான் சாய்வாக இறங்குவான் என்பது அவள் கட்சி.

இந்தக் குளிர்காலத்தில் அவள் கிளம்பியதற்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. இப்ராவில் புதன்கிழமை தோறும் பெண்களுக்கான சந்தை கூடும். ஆண் வாடையே கிடையாது. ரய்யா அங்கே முகமூடி தைத்து விற்பாள், ஷம்மா ஆட்டு நெய் விற்பாள். இருவரும் விற்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். அந்த ஷம்மா பல புதன்கிழமைகளாக வரவில்லை. நெய்யை அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி நஸ்ரா கொண்டுவந்து விற்றாள்.

"ஷம்மா எங்கடி? உடம்பு கிடம்பு முடியலையா?"

"எல்லாம் நல்லது" என்றாள் நஸ்ரா, நெய்யை அளந்துகொண்டே.

அதில்தான் ரய்யாவுக்குச் சந்தேகம். எங்கள் மணலில் சேதி கேட்டால் முதலில் 'எல்லாம் நல்லது' என்றுதான் சொல்ல வேண்டும். கூடாரம் பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் அதுதான் பதில். கஹ்வா என்கிற ஏலக்காய்க் காப்பி குடித்து, பழம் தின்று, மறுபடி கேட்டால்தான் உண்மை மெல்ல வெளியே வரும். மறுபடி கேட்டபோதும் நஸ்ரா அதையே சொன்னாள். ரய்யா கடையைச் சுருட்டிக்கொண்டு மறுநாள் காலையிலேயே டயரில் காற்றைக் குறைத்து மணலில் இறங்கிவிட்டாள்.

ஷம்மாவின் கூடாரங்களை நெருங்கும்போதே அவள் வண்டியை மெதுவாக்கித் தரையைப் பார்த்தாள். ஷம்மாவின் வண்டியில் ஒரு டயருக்கு விளிம்பில் வெட்டு உண்டு. மணலில் அது ஒரு பக்கம் கடித்ததுபோல் தடம் விடும். வழி நெடுக வழுக்கை டயர்களின் தடம் இருந்தது, அது கொழுந்தன் மகன்கள் ஓட்டுகிற வண்டி. கடித்த தடம் ஒன்றுகூட இல்லை. பழைய தடத்தின் மேல் மணல் படிந்து மிச்சமாவது இருக்குமே, அதுவும் இல்லை. ரய்யா வேகத்தைக் கூட்டினாள்.

வன்னி மரத்தடியில் பாய் விரித்து விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முஸல்லம். ஷம்மாவின் இறந்துபோன புருஷனுக்குத் தம்பி, இப்போது அங்கே எல்லாவற்றுக்கும் அவன்தான் தலை. ஷம்மா மணப்பெண்ணாக வந்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டு அவள் பாவாடையைப் பிடித்துத் திரிந்த பயல். இன்றைக்குப் புது வெள்ளை அங்கி, இடுப்பில் வெள்ளிப்பிடி போட்ட குத்துவாள். அந்த வாள் தொங்குகிற கச்சையில் ஒரு வண்டிச் சாவியும் தொங்கியது. சிவப்பு நூல் கட்டிய சாவி. அந்த நூலைக் கட்டியது ரய்யாதான்.

"வாங்க உம்மு ஸுஹைல், வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. சேதி என்ன?" என்றான். ஸுஹைலின் அம்மா என்று மகன் பேரைச் சொல்லித்தான் ரய்யாவை அங்கே மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"சேதி ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லது. உங்க பக்கம்?"

"எல்லாம் நல்லது."

வந்திருந்தவர்கள் தெற்கிலிருந்து முஸல்லத்தின் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் என்று தெரிந்தது. தாடி நரைத்த ஹுமைத் என்பவர் அவர்களுக்குப் பெரியவர். ரய்யா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கஹ்வா வாங்கினாள். தொலைவிலிருந்து வந்த களைப்பு, தொண்டையில் மணல். இரண்டாம் கிண்ணம், மூன்றாம் கிண்ணம். போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். அவள் செய்த தப்பு அதுதான். அது தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஷம்மா ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் இருந்தாள். கட்டிப்பிடித்து, வழக்கப்படி மூக்கோடு மூக்கு உரசியதும் ரய்யா கேட்டாள்.

"உன் சாவி அவன் இடுப்புல ஏன்டி தொங்குது?"

"நீ பாக்கலையா? ஊரே பாத்துச்சு. ஃபோன்ல."

பார்க்க என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நண்பகல் வெயிலில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வரும்போது ஷம்மாவின் வண்டி புதைமணலில் இறங்கிவிட்டது. சுற்றுலாக் கூடாரத்துப் பையன்கள் சிலர் வந்து இழுத்துவிட்டார்கள். இழுத்ததோடு நிற்காமல் ஒருவன் அதைப் படம் பிடித்து, சிரிப்புப் பாட்டு ஒன்றைச் சேர்த்துப் பரப்பிவிட்டான். முஸல்லத்துக்கு அவமானம் தாங்கவில்லை. அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டான்.

"அடிக்கல, திட்டல. 'அண்ணி, உங்க நல்லதுக்குத்தான்'னு சொன்னான். தண்ணி வேணும்னா அவன் பசங்க கொண்டாருவாங்களாம். நெய் விக்க நஸ்ரா போவாளாம். மக வீட்டுக்குப் போகணும்னா சொல்லுங்க, யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்கன்னான். நானும் சொல்லிட்டுதான் இருக்கேன். யாருக்கும் நேரமில்ல. மக பிரசவத்துக்குக்கூடக் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பிச்ச பொறவுதான் போவேன் போல."

"மக மாசமா இருக்காளா? எப்போ?"

"இந்த மாசந்தான்" என்று சொல்லிவிட்டு ஷம்மா ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட ரய்யாவுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. காற்றைப் போல இருந்த பெண்ணைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், அவளும் கட்டுப்பட்டு நிற்கிறாள் என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் நெருப்பை வைத்தது.

விருந்துக்கு அறுக்க ஆடு பிடிக்க முஸல்லம் பட்டிக்கு வந்தபோது அவனை மடக்கினாள்.

"முஸல்லம், அண்ணி சாவியக் குடு."

"பேசலாம் உம்மு ஸுஹைல். விருந்தாளிங்க இருக்காங்க."

"பேச என்ன இருக்கு? மணல்ல மாட்டுறது அதிசயமா? ரெண்டு வருஷம் முன்னாடி நீ ஒட்டகத்தோட சேந்து மாட்டினியே, என் கயிறுதான உன்னை இழுத்துச்சு? யாரும் படம் புடிக்கல. ஏன்னா நான் புடிக்க விடல."

அவன் காது சிவந்தது. ஆனால் சிரித்தான். பெரிய மனுஷன் ஆனவர்களுக்கு அந்தச் சிரிப்பு தானாக வந்துவிடுகிறது. "பேசலாம். இன்னிக்கு நல்ல காரியம். நீங்க கஹ்வா குடிச்சாச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கொழுத்த கிடாவைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரய்யா பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள். அங்கே எல்லார் கண்ணும் தரையில் இருந்தது. ஹுமைத்துக்கு முன்னால் கஹ்வா கிண்ணம் தரையில் இருந்தது, குடிக்காமல். எங்கள் பக்கத்தில் விருந்தாளி கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்துவிட்டால், நான் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அதைக் கொடுப்பதாகச் சொல்லாதவரை அவன் குடிக்க மாட்டான். விருந்தாளி குடிக்காமல் எழுந்துபோன வீட்டை யாரும் வீடு என்று சொல்ல மாட்டார்கள். முஸல்லம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "கஹ்வாவக் குடிங்க ஹுமைத். நீங்க கேக்க வந்தது குடுத்தாச்சு."

ஹுமைத் குடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. முஸல்லம் அப்போது இருந்த உயரத்தில் அவனுக்குத் தரை தெரிந்திருக்காது.

ரய்யாவுக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று கிண்ணத்தையும் குடித்துத் தொலைத்தாயே, ஆட்டியும் கொடுத்துவிட்டாயே! குடித்து முடித்த விருந்தாளிக்குக் கேட்க ஒன்றும் இல்லை. இனி நீ எதைக் கேட்டாலும் அது பேசலாம், பார்க்கலாம்தான்.

சற்று நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"நான் கிளம்புறேன் முஸல்லம்."

"என்னது? ஆடு அடுப்புல இருக்கு!"

"போதும். உன் கஹ்வா நல்லா இருந்துச்சு. அல்லாஹ் உன் வீட்டை நெறைய வெக்கட்டும்."

முறைப்படி எல்லாருக்கும் விடை சொன்னாள். ஹுமைத்துக்குச் சொன்னாள், நஸ்ராவுக்குச் சொன்னாள், ஷம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ஷம்மாவின் கண்ணில் 'நீயும் போறியா' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் வண்டியில் ஏறி, கிழக்குப் பக்கத்து மணல்மேட்டை நோக்கிப் புழுதி கிளப்பிக்கொண்டு போய் மறைந்தாள்.

மேட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினாள். முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்து மறுபடி கட்டினாள். கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்து, "வெக்கமா இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்று தானே சொல்லிக்கொண்டாள். வண்டியை வளைத்து மேட்டின் உச்சிக்கு ஏற்றி, மூக்கு நேராக இறங்கினாள்.

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. மணல்மேட்டிலிருந்து இறங்கி வருகிற வண்டி யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் இறங்கி, பாயின் ஓரத்துக்கு வந்து, முதன்முறை வருகிறவளைப் போலச் சொன்னாள்.

"ஸலாம் அலைக்கும்."

பதில் ஸலாம் சொல்லாமல் இருக்க முடியுமா? எல்லாரும் சொன்னார்கள். ஹுமைத்தின் தாடி லேசாக ஆடியது. முஸல்லம்தான் முந்திக்கொண்டு கேட்டான்.

"உம்மு ஸுஹைல், எதாச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"மறக்க என்ன இருக்கு? நான் இப்பத்தான வரேன். சேதி என்ன?"

"இப்பத்தான போனீங்க!"

"போனவ போயிட்டா. அவளுக்கும் எனக்கும் என்ன? விருந்தாளி வந்து நிக்கறேன், கஹ்வா குடுப்பியா, இல்ல உன் வீட்டுல தீந்துபோச்சா?"

இந்தக் கேள்வியைச் சம்பந்திகள் முன்னால் கேட்டுவிட்டால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. முஸல்லம் தானே கூஜாவைத் தூக்கி ஊற்றினான். அவசரத்தில் கொஞ்சம் பாயில் சிந்தியது. ரய்யா கிண்ணத்தை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள், ஏலக்காய் வாசம் நன்றாகவே இருந்தது. மெல்லக் குனிந்து அதைத் தரையில் வைத்தாள்.

கிடாவைக் கிளறிக்கொண்டிருந்தவன்கூடக் கரண்டியை நிறுத்தினான்.

முஸல்லத்துக்குத் தெரியும் அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று. ஹுமைத்தைப் பார்த்தான். ஹுமைத் தன் பேரீச்சம்பழத்தின் கொட்டையை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். பட்டியோரம் ஷம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"கஹ்வா ஆறுது" என்றான் முஸல்லம்.

"ஆறட்டும். எனக்கு அவசரமில்ல."

"என் கையில இருக்கறதா இருந்தா..."

"உன் இடுப்புல இருக்கு."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது நஸ்ராவோ என்று ரய்யாவுக்குச் சந்தேகம். ஒட்டகத்தோடு மாட்டிக்கொண்ட கதை அவள் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அவன் சுருண்டுவிடுவான். ஆனால் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் ஒருவனை அப்படி மணலில் இழுக்கக் கூடாது. அந்தச் சிறுமை அவளுக்கு வேண்டியதில்லை. கிண்ணம் போதும்.

காற்று வந்து கஹ்வாவின் மேல் மணல் தூவியது. முஸல்லம் கடைசியில் பெருமூச்சு விட்டான். "குடிங்க உம்மு ஸுஹைல். கேக்க வந்தது குடுத்தாச்சு." கச்சையிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் பக்கம் நீட்டினான்.

ரய்யா கையை மடியிலேயே வைத்திருந்தாள். "எங்கிட்ட எதுக்கு? எனக்கு வண்டி இருக்கு. யாருகிட்ட எடுத்தியோ அங்க போய்க் குடு."

அவன் எழுந்தான். வெள்ளிவாள் பளபளக்க, புது அங்கி சரசரக்க, சம்பந்திகள் பார்க்க ஆட்டுப் பட்டி வரைக்கும் நடந்தான். ஆட்டுப் புழுக்கை மிதிபடாமல் நடக்க வேண்டியிருந்தது, அது வேறு.

"இந்தாங்க அண்ணி."

வாங்குடி, வாங்கு என்று ரய்யா மனசுக்குள் கத்தினாள். ஆனால் ஷம்மா கையை நீட்டவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாளாக எங்கோ போயிருந்த பழைய ஷம்மா அந்தக் கண்ணுக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் எடுத்தேன்னு சொல்லிட்டுக் குடு."

"அண்ணி..."

"சத்தமாச் சொல்லு. எடுத்தப்ப எங்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்ன. குடுக்கறப்ப எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஊரு சிரிச்சுது அண்ணி. எனக்குத் தாங்கல."

"ஊரு என்னைப் பாத்துத்தான சிரிச்சுது? நான் தாங்கினேனே. உனக்கென்ன?"

அவன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையில் ஒரு கணம் மூக்கொழுகிய பயல் தெரிந்தான் என்று ரய்யா பிறகு சந்தையில் சொல்வாள். ஷம்மா சாவியை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ரய்யா கிண்ணத்தை எடுத்து, ஜில்லிட்டுப்போய் மணல் நறநறத்த அந்தக் கஹ்வாவை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அதைப் போல ருசியாக எதையும் குடித்ததில்லை.

மரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வண்டியின் மேல் போர்த்திய கித்தானை ஷம்மா உதறி எடுத்தாள். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தாள். பாட்டரி முனகியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. முஸல்லம் ஓடிவந்து கண்ணாடியோரம் நின்றான். இந்த முறை அவன் குரலில் அதிகாரம் இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது.

"எங்க போறீங்க அண்ணி? மக வீட்டுக்கா? தண்ணிக்கா? சொல்லிட்டாவது போங்க."

ஷம்மா முகமூடியைச் சரிசெய்துகொண்டாள். கியரைப் போட்டாள்.

"தெரியல" என்றாள். "போனாத்தான் தெரியும்."